கையில் தரும் காசும் கணக்கில் வரும் சம்பளமும்
பிரித்தானியாவில் கடையும் உணவகமும் நடத்தும் தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்



ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், குரொய்டன் என்று நம்மவர்கள் கூடி வாழும் இடங்களில் பலசரக்குக் கடை, உணவகம், பெற்றோல் நிலையம் நடத்துகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். தனியாக நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மார் பலர் (தந்தைமாரும் உண்டு) இந்த நாட்டில் முதன்முதலில் வேலை கேட்டு ஏறும் வாசல் உங்களுடையது. ஆங்கிலம் சரளமாக வராதவருக்கும், பிள்ளையைப் பள்ளியில் விட்டபின் ஒன்பதரைக்கு வந்து இரண்டரைக்குத் திரும்பவேண்டியவருக்கும் இடம் கொடுத்தவர்கள் நீங்கள். அதற்குரிய நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வந்த செய்தி அதற்கு அடுத்தது. அந்தத் தாய்க்கு நீங்கள் கொடுக்கும் பகுதிநேரச் சம்பளம், அரசு அவருக்குக் கொடுக்கும் உதவியோடு பின்னிக் கிடக்கிறது. எத்தனை மணித்தியாலம் கொடுக்கிறீர்கள், எந்தத் திகதியில் சம்பளம் போடுகிறீர்கள், அதை வரித் திணைக்களத்துக்கு எப்படி அறிவிக்கிறீர்கள் என்ற மூன்றும் அவர் வீட்டு வரவை மாதத்துக்கு நூற்றுக்கணக்கான பவுண் ஏற்றவும் இறக்கவும் வல்லவை. சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. அதனால்தான் மடலை அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

“அண்ணை, கையில தாங்கோ. கணக்கில போட்டால் பெனிபிட்டை வெட்டிப்போடுவாங்கள்.” இந்த வேண்டுகோள் உங்களில் பலருக்குப் புதிதாக இராது. கேட்பவரைக் குறைசொல்ல நான் வரவில்லை. இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முன்பிருந்த ‘இன்கம் சப்போர்ட்’ கொடுப்பனவில் தனிப் பெற்றோர் ஒருவர் கிழமைக்கு 20 பவுண் வரை உழைக்கலாம். அதற்கு மேல் உழைத்த ஒவ்வொரு பவுணுக்கும் ஒரு பவுண் வெட்டு விழுந்தது. கிழமைக்கு 16 மணித்தியாலத்தைத் தொட்டால் அந்தக் கொடுப்பனவே நின்றது. பிறகு வேறொரு திணைக்களத்தில் ‘டாக்ஸ் கிரெடிட்’ என்ற வேறொரு உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் ‘வேலை செய்தால் பெனிபிட் போய்விடும்’ என்ற பேச்சில் உண்மை இருந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2013இல் யூனிவர்சல் கிரெடிட் தொடங்கியது. பழைய உதவிகள் ஒவ்வொன்றாக அதற்குள் அடங்கின. 2025 ஏப்ரலோடு டாக்ஸ் கிரெடிட்டும் முடிந்துபோனது. சட்டம் போய்விட்டது, அது விட்டுச்சென்ற பயம் மட்டும் வாய்வழியாக இன்னும் உலவுகிறது. இன்றைய கணக்கு முற்றிலும் வேறு. அதை எண்களோடு பார்த்தால்தான் பயத்தில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று தெரியும். நான் சொல்வது குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ அகதி அந்தஸ்தோ பெற்று, அரச உதவி பெற உரித்துள்ளவர்களைப் பற்றியது. அரச நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனையோடு விசாவில் இருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் தனியாகச் சட்ட ஆலோசனை பெறவேண்டும்.

இந்த மடல் முழுவதிலும் 2025–26 நிதியாண்டின் எண்களையே எடுத்துக்கொள்வோம். வயது 25ஐத் தாண்டிய ஒரு தாய், ஒரு பிள்ளை, மாதம் 900 பவுண் வாடகைக்கு உதவி கிடைக்கிற வீடு. அவருக்கு அடிப்படைத் தொகை 400.14, பிள்ளைக்காக 292.81, வாடகை 900, சேர்த்தால் 1,592.95 பவுண். அதற்கு வெளியே சைல்ட் பெனிபிட் கிழமைக்கு 26.05. இவர் 12.21 பவுண் என்ற சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலியில் கிழமைக்கு 18 மணித்தியாலம் வேலை செய்தால் மாதச் சம்பளம் 952.38 பவுண் வரும். பிள்ளை உள்ளவர் என்பதால், வாடகை உதவி பெறுகிறவரின் சம்பளத்தில் முதல் 411 பவுணை யூனிவர்சல் கிரெடிட் தொடுவதே இல்லை. வாடகை உதவி இல்லையென்றால் 684 பவுண் வரை தொடாது. அதற்கு மேல் உள்ள சம்பளத்தில் பவுணுக்கு 55 பென்ஸ் வீதம் உதவி குறையும். தொடக்கத்தில் 65 ஆக இருந்த அந்த வெட்டு 2017இல் 63 ஆகி, 2021இன் இறுதியில் 55 ஆனது. ஆக, இந்தத் தாய்க்கு வெட்டப்படுவது 297.76 பவுண். உழைத்த 952இல் 654 பவுண் வீட்டில் நிற்கிறது. மாதத்தின் முதல் 33 மணித்தியாலத்துக்கு வெட்டே கிடையாது. அதன்பின் வேலை செய்யும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 5.49 பவுண் மிஞ்சும். இது பெரிய தொகை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘எல்லாம் போய்விடும்’ என்ற பேச்சுக்கும் இதற்கும் வெகுதூரம்.

இரண்டு பிள்ளைகளும் இலண்டன் வாடகையும் என்றால் கணக்கு இன்னும் வியப்பானது. பிள்ளைகள் இருவருக்கும் 585.62, அடிப்படை 400.14, வாடகை உதவி 1,200 என்று வைத்துக்கொண்டால் யூனிவர்சல் கிரெடிட் 2,185.76 பவுண் வரவேண்டும். சைல்ட் பெனிபிட் மாதத்துக்கு 187.63. இரண்டும் சேர்ந்து 2,373.39. ஆனால் வேலையில்லாத, அல்லது மிகக் குறைவாக உழைக்கும் குடும்பத்துக்கு அரசு ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. இலண்டனில் தனிப் பெற்றோருக்கு அது மாதம் 2,110.25 பவுண், இலண்டனுக்கு வெளியே 1,835 பவுண். அங்கவீனக் கொடுப்பனவு போன்ற விலக்குகள் இல்லாவிட்டால், வரம்பைத் தாண்டிய 263 பவுண் மாதாமாதம் வெட்டப்படும். தாய் மாதம் 846 பவுணோ அதற்கு மேலோ உழைத்தால் இந்த வரம்பு அவருக்குப் பொருந்தாது. 846 என்பது குறைந்தபட்சக் கூலியில் கிழமைக்கு 16 மணித்தியாலத்தின் சம்பளம். இப்போது அதே 18 மணித்தியால வேலையை இவருக்குக் கொடுத்துப் பாருங்கள். 297.76 வெட்டியபின் யூனிவர்சல் கிரெடிட் 1,888 பவுண், சம்பளம் 952.38, சைல்ட் பெனிபிட் 187.63. மொத்தம் 3,028 பவுண். வேலை இல்லாதபோது இருந்த 2,110ஐ விட 917 பவுண் கூடுதல். உழைத்ததில் கிட்டத்தட்ட முழுவதும் கையில் நிற்கிறது, ஏனென்றால் ஒருபுறம் வெட்டு விழும்போது மறுபுறம் வரம்பு நீங்குகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பிள்ளைத் தொகை இல்லை என்ற விதியை 2026 ஏப்ரலோடு நீக்குவதாக 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அரசு அறிவித்தது. உச்ச வரம்பு அப்படியே இருப்பதால், மூன்றாம் பிள்ளைக்குக் கூடும் தொகை பல வீடுகளில் அந்த வரம்பில் போய் முட்டும். அத்தகைய தாய்மாருக்கு உங்கள் கடையில் கிடைக்கும் ஒழுங்கான பதினாறு, பதினெட்டு மணித்தியாலம் முன்னெப்போதையும் விடப் பெறுமதியானது.

இனிக் கையில் வாங்கும் காசைப் பார்ப்போம். சம்பளத்தைக் காசாகக் கொடுப்பது குற்றமில்லை, கணக்கில் காட்டாமல் கொடுப்பதுதான் குற்றம். மேலே சொன்ன இரண்டு பிள்ளைகளின் தாய் அதே 952 பவுணைக் கணக்கில் வராமல் வாங்கினால் அவரிடம் சேர்வது 3,062 பவுண். முறையாக வாங்கியவரை விட 35 பவுண்கூட அதிகமில்லை. கணக்கில் வராத கூலி சட்டக் கூலியை விடக் குறைவாக இருப்பதுதான் வழக்கம் என்பதும் உங்களுக்குத் தெரியும். மணிக்கு 9 பவுண் என்று வைத்தால் மாதம் 702 பவுண். அப்போது அவர் முறையாக வேலை செய்பவரை விட 215 பவுண் குறைவாகவே பெறுகிறார். சட்டத்தை மீறியும் நட்டம். ஒரு பிள்ளையின் தாயை எடுத்தாலும் அந்த 702க்கும் முறையான வழியில் மிஞ்சும் 654க்கும் இடைவெளி 48 பவுண்தான். சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஆண்டுக்கு 5.6 கிழமை என்பது பகுதிநேர ஊழியருக்கும் உள்ள உரிமை. கையில் காசு வாங்குபவருக்கு அந்தக் கிழமைகளில் ஒரு சதமும் வராது. அதைக் கழித்தால் அவருடைய 702 சராசரியாக மாதம் 626 ஆகிறது. அங்கேயும் முறையான வழியே மேல். 2025–26 விதிப்படி, கிழமைக்கு 125 பவுணோ அதற்கு மேலோ சம்பளம் காட்டப்பட்டவர் நோயில் படுத்தால் கிழமைக்கு 118.75 பவுண் நோய்க்காலக் கொடுப்பனவு உண்டு. கணக்கில் வராதவருக்கு அதுவும் இல்லை. பிள்ளை பராமரிப்புச் செலவில் 85 வீதத்தை யூனிவர்சல் கிரெடிட் திருப்பித் தரும். 2025–26இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 பவுண் வரை, இரண்டோ கூடவோ என்றால் 1,768.94 வரை. இதற்குக் குறைந்தபட்ச மணித்தியாலம் கிடையாது. ஆனால் சம்பள வேலையில் இருப்பதைக் காட்டவேண்டும். மறைத்து வேலை செய்பவர், பள்ளி விட்டபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நிலையத்துக்குக் கட்டும் 300 பவுணில் 255 பவுணை வேண்டாமென்று விடுகிறார். இத்தனைக்கும் மேலாக ஒருநாள் பிடிபட்டால், பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டவேண்டும். அதோடு 5,000 பவுண் வரை தண்டமோ நீதிமன்றமோ காத்திருக்கும். அந்த வீட்டில் வேறு உழைப்பாளி இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே கையிலா, கணக்கிலா என்ற முதல் கேள்விக்குப் பதில் தெளிவு. முறையான சம்பளம்தான் அவருக்கு நல்லது. ஆனால் முறையாகக் கொடுத்தால் மட்டும் போதாது, கொடுக்கும் திகதியிலும் ஒரு பொறி இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட் ஒவ்வொருவருக்கும் ஒரு கணிப்பு மாதம் வைத்திருக்கிறது. விண்ணப்பித்த திகதியில் அது தொடங்கும். ஒருவருக்கு 7ஆம் திகதி முதல் 6ஆம் திகதி வரை, இன்னொருவருக்கு 30 முதல் 29 வரை. அந்த மாதத்துக்குள் எந்தச் சம்பளம் வந்ததாக வரித் திணைக்களத்தின் கணினியில் பதிவாகிறதோ, அதை வைத்து உதவி கணிக்கப்படுகிறது. ஏழு நாள் கழித்துப் பணம் வரும். கைத்தொலைபேசியில் அவர் திறந்து பார்க்கும் மாதக் கணக்கில், மேலே அடிப்படைத் தொகை, வாடகை, பிள்ளை என்று வரிவரியாகக் கூட்டல் இருக்கும். கீழே ‘கழிப்பது’ என்ற பகுதியில் உங்கள் கடையின் சம்பளம் ஒரே வரியில் நிற்கும். அந்த வரியில் ஒரு மாதம் இரண்டு சம்பளமும் மறுமாதம் பூச்சியமும் விழுந்தால் என்ன ஆகும்? தொடாமல் விடவேண்டிய 411 பவுண் சலுகை பூச்சிய மாதத்தில் வீணாகிறது. 55 வீதக் கணக்கில் அது 226 பவுண் நட்டம். சம்பளத்தில் ஒரு பென்சும் கூடவில்லை, வேலை ஒரு நிமிடமும் கூடவில்லை. திகதி ஒன்று பிசகியதால் ஒரு மாத மளிகைச் செலவு போய்விட்டது.

இது நான் கற்பனையில் கட்டிய கணக்கு என்று நினைக்கவேண்டாம். மாதச் சம்பளம் பெற்ற நான்கு தனித்தாய்மார் இதே குறையோடு நீதிமன்றம் போனார்கள். சம்பள நாள் சனி ஞாயிறில் விழும்போது வெள்ளிக்கிழமையே பணம் வந்துவிடும். ஒரே கணிப்பு மாதத்தில் இரண்டு சம்பளம் பதிவாகிவிடும். 2020 ஜூன் 22 அன்று இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இதைச் சரிசெய்ய மறுத்த அரசின் நிலைப்பாடு அறிவுக்குப் பொருந்தாதது என்றது. அந்த ஆண்டு நவம்பரில் விதி மாறியது. மாதச் சம்பளக்காரருக்கு இப்படி இரண்டு சம்பளம் ஒரு மாதத்தில் விழுந்தால் ஒன்றை அடுத்த மாதத்துக்கு நகர்த்தலாம். இன்னொரு வழக்கு இதைவிட உங்களுக்கு அண்மையானது. மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் குறைந்தபட்சக் கூலியில் கிழமைக்குச் சரியாக 16 மணித்தியாலம் வேலை செய்தார். சம்பளம் மாதாந்தம் வராமல் நான்கு கிழமைக்கு ஒருமுறை வந்தது. ஆண்டுச் சம்பளம் ஒன்றுதான். ஆனால் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதின்மூன்றாகப் பிரிந்ததால் ஒவ்வொரு தவணையும் மாத வரம்புக்குக் கீழே போனது. 2025–26 எண்ணில் சொன்னால் 846 வேண்டிய இடத்தில் 781. இதனால் ஆண்டில் பதினொரு மாதம் உச்ச வரம்பு அவர்மேல் விழுந்தது. 2020இல் உயர் நீதிமன்றத்தில் வென்ற அவர், 2021இல் மேன்முறையீட்டில் தோற்றார். ஆகவே அந்தப் பொறி இன்றும் சட்டத்தில் அப்படியே கிடக்கிறது. நீதிமன்றம் தீர்க்காததை ஒரு முதலாளி தீர்க்கமுடியும். சம்பளத்தை மாதாந்தம் போட்டாலோ, நான்கு கிழமைச் சம்பளமும் வரம்பைத் தாண்டும்படி 18 மணித்தியாலம் கொடுத்தாலோ அந்தத் தாய் தப்பிவிடுவார்.

நத்தார் காலத்தில் நீங்கள் செய்கிற நல்ல காரியம் ஒன்றும் இதே பொறியில் மாட்டுகிறது. பண்டிகைக்குக் கைச்செலவுக்கு உதவட்டும் என்று டிசம்பர் சம்பளத்தை ஒரு கிழமை முன்பே கொடுக்கிறீர்கள். கொடுங்கள், ஆனால் வரித் திணைக்களத்துக்கு அனுப்பும் சம்பள அறிக்கையில் வழக்கமான சம்பளத் திகதியையே போடும்படி உங்கள் கணக்காளரிடம் சொல்லுங்கள். அப்படிப் போடவேண்டும் என்பதுதான் திணைக்களத்தின் வழிகாட்டல். அதேபோல அந்த அறிக்கை சம்பள நாளன்றோ அதற்கு முன்போ போய்ச் சேரவேண்டும். கணக்காளர் மூன்று மாத அறிக்கையை ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால், உங்களுக்கு அது ஒரு சிறு தாமதம். அவருக்கு உதவிக் கணக்கே குழம்பிப்போகும். தீபாவளி, தைப்பொங்கல் வியாபாரத்துக்கு மேலதிக மணித்தியாலம் கொடுக்கும்போதும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கூடிய சம்பளத்துக்கான வெட்டு அடுத்த கொடுப்பனவில்தான் விழும். வியாபாரம் ஓய்ந்து மணித்தியாலமும் குறைந்திருக்கும் நேரத்தில் அது வரும்போது, தெரியாதவருக்கு அடிமேல் அடி.

மணித்தியாலம் ஒழுங்காக இருக்கவேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளுக்குப் பள்ளிக் காலங்களில் கிழமைக்கு 30 மணித்தியாலம் இலவசப் பராமரிப்பு கிடைக்கிறது. தனித்தாய் ஒருவர் அதைப் பெற, அடுத்த மூன்று மாதத்தில், 2025–26 எண்ணில், 2,539 பவுண் உழைப்பார் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும்; அதுவும் கிழமைக்கு 16 மணித்தியாலக் கணக்குத்தான். ஒரு கிழமை 22, மறுகிழமை 6 என்று வேலை கொடுத்தால் அவரால் இந்த உறுதியைத் துணிந்து எழுதிக்கொடுக்க முடியாது. பிள்ளைப் பராமரிப்பு நிலையமும் இடத்தைக் கிழமைக்குக் கிழமை மாற்றித் தராது. அதோடு, கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயதான பிறகு வீட்டில் இருக்கும் தெரிவு அவருக்குக் கிடையாது. 2023 அக்டோபர் முதல், மூன்று வயது முதல் பன்னிரண்டு வரை பிள்ளை உள்ளவர் கிழமைக்கு 30 மணித்தியாலம் வரை வேலை தேடவேண்டும் என்று வேலைவாய்ப்பு அலுவலகம் கேட்கலாம். மாதம் 952 பவுண், அதாவது கிழமைக்கு 18 மணித்தியாலச் சம்பளம் வந்தால் அந்த நெருக்குதல் வெகுவாகக் குறையும். பதினெட்டு மணித்தியாலத்தை எழுத்தில் கொடுக்கும் ஒப்பந்தம் ஒன்று, உச்ச வரம்பு, பராமரிப்பு, அலுவலக நெருக்குதல் ஆகிய மூன்றிலிருந்தும் அவரைக் காக்கிறது.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். அவர்களே கையில் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்பது முதலாவது. கேட்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பழைய சட்டத்தின் நினைவில் கேட்கிறார்கள், புதிய கணக்கை யாரும் அவர்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. சம்பளத்தைக் குறைத்து மறைத்துக் கொடுப்பதில் இலாபம் யாருக்கு என்பதையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். மேலே போட்ட கணக்கில் 12.21 கொடுக்கவேண்டிய இடத்தில் 9 கொடுத்தவருக்கு மாதம் 250 பவுண் மிச்சம், வாங்கியவருக்கு நட்டம். கேட்டவர் அவர் என்றாலும், எண்களைத் தெரிந்துகொண்டு கொடுப்பவருக்குப் பொறுப்பு கூட. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. குறைந்தபட்சக் கூலியை விடக் குறைத்துக் கொடுத்த முதலாளி பாக்கியை ஆறு ஆண்டுக்குப் பின்னோக்கிக் கட்டவேண்டி வரலாம். அதன் மேல் பாக்கியைப் போல் இரண்டு மடங்கு வரை, ஓர் ஊழியருக்கு 20,000 பவுண் வரை தண்டமும் உண்டு.

எங்கள் வியாபாரத்தில் அவ்வளவு மிச்சம் இல்லை, முதலாளி கட்டும் நஷனல் இன்சூரன்ஸ் வேறு கூடிவிட்டது என்பது இரண்டாவது மறுப்பு. 2025 ஏப்ரல் முதல் அது 15 வீதமாகி, ஆண்டுக்கு 5,000 பவுணுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கே விழத் தொடங்கியது; பெரிய சுமைதான். ஆனால் அதே மாதம் சிறு முதலாளிக்கான ‘எம்பிளோய்மென்ட் அலவன்ஸ்’ 10,500 பவுணாக உயர்ந்தது. 18 மணித்தியாலம் வேலை செய்யும் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 11,428 பவுண். அவருக்கு நீங்கள் கட்டவேண்டியது 964 பவுண். அப்படிப் பத்துப் பேர் இருந்தாலும் அந்தச் சலுகை முழுவதையும் ஈடுசெய்துவிடும். நிறுவனத்தின் ஒரே ஊழியர் அதன் இயக்குநராக இருப்பது போன்ற சில நிலைகளில் அது கிடைக்காது. மற்றபடி நம்முடைய பெரும்பாலான சிறு கடைகளுக்குப் பொருந்தும். சட்டக் கூலியைக் கொடுப்பதில் உள்ள செலவை நான் மறுக்கவில்லை. அந்தச் செலவைத் தாங்கமுடியாத வியாபாரம், தன் நட்டத்தை ஒரு தனித்தாயின் வீட்டு அடுப்பின் மேல் ஏற்றக்கூடாது என்றே சொல்கிறேன்.

பவுணுக்கு 55 பென்ஸ் பிடுங்குவது அரசு. அநியாயம் அங்கே இருக்கும்போது எங்களிடம் ஏன் நியாயம் கேட்கிறீர்கள் என்பது மூன்றாவது. இதில் பாதி உண்மை. வருமான வரி தொடங்கும் 12,570 பவுணைத் தாண்டிய தாய்க்கு வரியும் நஷனல் இன்சூரன்சும் 28 பென்ஸ் போக, மிகுதியில் 55 வீதம் வெட்டினால் ஒரு பவுணில் 32 பென்ஸ்தான் மிஞ்சும். பெரும் செல்வந்தர்கூடத் தன் வருமானத்தில் இவ்வளவு வீதத்தை இழப்பதில்லை. சில கவுன்சில்களில் கவுன்சில் வரிச் சலுகையும் சம்பளத்தோடு சேர்ந்து குறையும். பள்ளி மதிய உணவுக்கு இங்கிலாந்தில் ஆண்டுக்கு 7,400 பவுண் என்று வைத்திருந்த சம்பள வரம்பு நல்ல விதியென்று யாரும் சொல்லமாட்டார்கள். 2026 செப்டம்பர் முதல் யூனிவர்சல் கிரெடிட் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இலவச உணவு என்று அரசு அறிவித்தபோதுதான் அதற்கு விடிவு வந்தது. வெட்டு வீதம் இன்னும் குறையவேண்டும், நான்கு கிழமைச் சம்பளப் பொறி நீங்கவேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நீங்களும் கேளுங்கள். தேர்தல் காலத்தில் அவர்கள் உங்கள் கடை வாசலுக்குத்தான் வருகிறார்கள். ஆனால் அரசின் விதி கடுமையாக இருப்பது, அதற்குள் தப்பிப்பிழைக்கும் வழியை நாம் அடைப்பதற்குக் காரணமாகாது. விதி கடுமையாக இருக்கும்போதுதான் ஒரு சரியான திகதிக்கும் இரண்டு கூடுதல் மணித்தியாலத்துக்கும் பெறுமதி அதிகம்.

நான்காவது மறுப்பை யாரும் எழுத்தில் சொல்வதில்லை, ஆனால் பேச்சில் அடிக்கடி வருகிறது: பெனிபிட் எடுப்பவரை நாம் ஏன் ஊக்குவிக்கவேண்டும்? யூனிவர்சல் கிரெடிட் பெறுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வேலையில் இருப்பவர். கூலிக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பத்தான் அந்த உதவி இருக்கிறது. தனித்தாய் ஒருவருக்கு நாள் இருபத்துநான்கு மணித்தியாலத்திலும் இன்னொரு பெரியவர் துணையில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேலையை விட்டு ஓடவும் அவர்தான், சம்பளம் கொண்டுவரவும் அவர்தான். போரில் கணவரை இழந்தவரும், அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவரும், பிரிந்து வாழ்பவரும் நம் சமூகத்தில் ஏற்கனவே ஊர்வாய்க்குக் கூசி வாழ்கிறார்கள். சம்பளச் சீட்டோடு வேலை செய்பவர் அந்தக் கூச்சத்திலிருந்து வெளியே வருகிறார். வீட்டுக்காரரிடம் காட்ட அவரிடம் ஒரு தாள் இருக்கிறது, அடுத்த வேலைக்குச் சொல்ல ஓர் அனுபவம் இருக்கிறது, முதுமைக்கு ஒரு சிறு ஓய்வூதியச் சேமிப்பு வளர்கிறது. அதற்காகப் பிடிக்கும் தொகையை யூனிவர்சல் கிரெடிட் வருமானமாக எண்ணுவதும் இல்லை. உதவியிலேயே தங்கிவிடுவார்கள் என்று கவலைப்படுபவர் செய்யவேண்டியது, வெளியேறும் இந்தப் படியை உறுதியாகக் கட்டிக்கொடுப்பது.

நான் கேட்பது பெருந்தன்மையை அல்ல, கவனத்தை. சட்டக் கூலியைக் கணக்கில் காட்டிக் கொடுங்கள். இயன்றால் பதினெட்டு மணித்தியாலத்தை எழுத்தில் உறுதி செய்யுங்கள். மாதச் சம்பளமாகப் போட்டு, அறிக்கையை நேரத்துக்கு அனுப்பச் செய்யுங்கள். ஒவ்வொரு வீட்டின் கணக்கும் வேறு என்பதால், ‘சிற்றிசன்ஸ் அட்வைஸ்’ நிலையத்திலோ, தனிப் பெற்றோருக்காக 1970 முதல் இயங்கும் ‘ஜிஞ்சர்பிரெட்’ அமைப்பிலோ இலவசமாக ஆலோசனை கேட்கும்படி அவரிடம் சொல்லுங்கள். போவதற்கு ஒரு மணித்தியாலம் விடுப்பும் கொடுங்கள். இவற்றில் எதையும் நாளைக்கே செய்ய முடியாவிட்டாலும் ஒன்றைச் செய்யலாம். அடுத்த சம்பள நாளுக்கு முன், கூட்டம் குறைந்த ஒரு மத்தியானத்தில் அவரைக் கூப்பிட்டு, “தங்கச்சி, உங்கட கணிப்பு மாதம் எத்தனையாம் திகதி தொடங்குது?” என்று கேளுங்கள். பதிலை நாட்காட்டியில் குறித்துவைத்துக் கணக்காளரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு வீட்டுக்கு 226 பவுணை மிச்சம் பிடித்துக் கொடுக்கலாம்.

அக்கறையோடும் நம்பிக்கையோடும்,
உங்கள் சமூகத்தில் ஒருவர்